தீப்பிடிக்காத வீடு

எங்கள் காலனியில் பகலில் வீட்டுக்குள் சமைப்பார்கள், சாமான் வைத்திருப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையை மாட்டி வைத்திருப்பார்கள். ராத்திரி படுக்க மட்டும் வெளியே வந்துவிடுவார்கள். வாசலில் சாய்ப்பாக ஒரு கீற்றுக்கொட்டகை இறக்கியிருக்கும். பாயும் தலையணையும் அதற்குள்தான். கான்கிரீட் வீடு கட்டிக் கொடுத்தாயிற்று என்று அரசாங்கத்தின் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் நாற்பது வருஷம் கழித்து மறுபடியும் கீற்றுக்குக் கீழேதான் படுக்கிறார்கள். மேல்தளம் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. கம்பி துருவேறி விலா எலும்பு மாதிரி வெளியே தெரிகிறது. தூங்குகிற பிள்ளையின் நெஞ்சில் ஒரு பாளம் விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாயை மட்டும் வெளியே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

முத்துப்பேட்டையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் வருகிற கடைமடைக் காலனிகளில் ஒன்று அது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. கீழத்தஞ்சையில் எந்தக் காலனிக்காரர் இதைப் படித்தாலும் தன் தெருவைத்தான் எழுதியிருக்கிறான் என்று நினைப்பார். ஒரு பக்கம் கோரையாறும் பாமணியாறும் கடலில் போய்ச் சேர்கிற சதுப்பு, அலையாத்திக் காடு. இன்னொரு பக்கம் வயல். இரண்டுக்கும் நடுவில் பள்ளத்தில் எங்கள் தெரு. ஊர்த் தெரு மேட்டில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஊர்த் தெருவில் விழுந்த தண்ணீரும் எங்கள் வாசல் வழியாகத்தான் வடிய வேண்டும்.

2025இல் பழைய வீடுகளைக் கணக்கெடுக்க ஆள் வந்தார்கள். எங்க அப்பாயிக்கு எண்பத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். வாசலில் உட்கார்ந்திருந்தது.

“பாட்டி, வீடு யார் பேர்ல இருக்கு?”

“எங்க வூட்டுக்காரவுங்க பேர்லதான் தம்பி.”

“அவரக் கூப்புடுங்க.”

“அவுங்க போயி இருவது வருசம் ஆச்சே. கூப்புட்டா வருவாங்களா?”

வந்தவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். அவர் மேல் தப்பு ஒன்றும் இல்லை. படிவத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு பேர்தான் எழுத முடியும். அந்த ஒரு பேர் எங்கள் தாத்தா பேர். அந்த வீட்டில் இப்போது மூன்று குடும்பம் இருக்கிறது: என் அண்ணன் குடும்பம், சித்தப்பா மகன் குடும்பம், அப்பாயியை வைத்துக்கொண்டிருக்கிற அத்தை குடும்பம். செத்துப் போனவர் பேரில் நிற்கிற, இடிந்து விழப் போகிற, மூன்று குடும்பத்துக்கு ஒன்றாக இருக்கிற இந்த வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டுவது எப்படி என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்த வீடு எப்படி வந்தது என்று தெரிய வேண்டும். அந்த வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும். மற்றவர்கள் எழுதினால் ‘பயனாளிகள் எண்ணிக்கை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

1

தஞ்சை ஜில்லாவில் மிராசுதாருக்கு வயல் மட்டும் சொந்தமில்லை. வயலில் உழைத்தவன் குடிசை போட்டிருந்த மண்ணும் அவருக்குத்தான் சொந்தம். உழுகிறவரை குடியிருக்கலாம். வாய் திறந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். கூலி, அடி, வசவு எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த ஆயுதம் இந்த மனைதான். மனை நம்முடையதாக இல்லாதவரை வேறு எந்த உரிமையும் நம்முடையதாக இருக்க முடியாது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையில் இந்தக் குடிமனைப் பிரச்சினையையும் எடுத்துக் காட்டினார். பஞ்சமி நிலம் என்று நாம் இன்றைக்கும் கேட்டுப் போராடுகிற நிலம் அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் போட்ட உத்தரவிலிருந்து வந்தது. வெள்ளைக்கார அதிகாரிக்கே கண்ணில் பட்ட சங்கதி, ஊர்ப் பெரியவர்கள் கண்ணில் மட்டும் படவில்லை.

அதற்குப் பிறகு 1920ஐ ஒட்டி ‘லேபர் டிபார்ட்மெண்ட்’ வந்தது. நம் பெரியவர்கள் ‘லேபர் ஸ்கூல்’ என்று சொல்வார்களே, அந்த இலாகாதான். பள்ளிக்கூடம், கிணறு, பாதை இவற்றோடு மனைக்கட்டு வாங்கிக் கொடுப்பதும் அதன் வேலை. நிலத்தைச் சட்டப்படி கையகப்படுத்தி, கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மனை விலையைத் தவணையாக நம்மவர்களிடமிருந்தே வசூலித்தார்கள். இலவசமாக யாரும் கொடுத்துவிடவில்லை. தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருந்த மண்ணுக்கே விலை கொடுத்தோம். அதிலும் தஞ்சையில் மிராசுதார்கள் நிலம் கொடுக்க லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் தன் மனையில் உட்கார்ந்துவிட்டால் பண்ணைக்கு யார் வருவார்கள் என்ற பயம்தான்.

1943இல் மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் செங்கொடி ஏறியது. சீனிவாசராவ் வந்தார். களப்பால் குப்பு மாதிரி சேரியிலிருந்தே தலைவர்கள் எழுந்தார்கள். சாட்டையடியும் சாணிப்பாலும் நின்றன. குப்பு 1948இல் திருச்சி சிறையில் செத்தார். சாட்டையும் சாணிப்பாலும் ஒழிந்த பிறகும் மிச்சம் இருந்தது மனை. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் மிராசுதார்கள் பண்ணையாள் என்றே ஒருவரும் இல்லை, எல்லாரும் அன்றாடக் கூலிதான் என்று ஆளை வெளியே தள்ள ஆரம்பித்தார்கள். பண்ணையாள் இல்லையென்றால் பண்ணை நிலத்தில் குடிசை எதற்கு? அடுத்த கேள்வி அதுதான்.

அப்பாயி சொல்வது இது. “கலியாணமாயி வந்த புதுசு. களத்தடிக்கு ஓரமா குடிசை. ஒரு மரக்கா கூடக் குடுங்கன்னு எல்லாரும் சேந்து கேட்டோம். மறுநா விடியக்காலம் ஆளு வந்து கீத்தப் பிரிச்சி வாய்க்கால்ல போட்டுட்டாங்க. சட்டி பானையெல்லாம் வரப்புல. அன்னிக்கி ராத்திரி நாங்க எங்க படுத்தோம் தெரியுமா? ஆத்துப் படுகையில. மழ வேற.” அந்த மிராசுதார் யார் என்று கேட்டால் அப்பாயி சொல்லாது. “அவுங்க பேரச் சொல்லி என்ன ஆவப் போவுது” என்று வெற்றிலையைத் துப்பும்.

1961இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. வெளியேற்றக் கூடாது என்றது சட்டம். மண் உன்னுடையது என்று அது சொல்லவில்லை. அதற்கு இன்னும் பத்து வருஷம் ஆனது. அந்தப் பத்து வருஷத்துக்கு நடுவில் வெண்மணி.

2

1968 டிசம்பர் 25 ராத்திரி. கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் உயிருக்குப் பயந்து ஒளிந்தவர்களை வெளியே பூட்டிக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் குற்றம். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இதையெல்லாம் நாம் பல தடவை பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். வீடு என்ற கோணத்திலிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும். சேரிக்காரன் ஒளிந்துகொள்ள இருந்த இடம் கீற்றும் மண்ணும் வைத்த ஒரு குடிசை. ஒரு தீக்குச்சி போதும். கீற்றைத் தவிர வேறு கூரை போடுகிற வசதியும், பல ஊர்களில் உரிமையும், நமக்கு இல்லை. சேரிக்குத் தீ வைப்பது கீழத்தஞ்சைக்கு மட்டும் சொந்தமான பழக்கமும் இல்லை. தமிழ்நாட்டில் சாதிக் கலவரம் நடந்த ஊரையெல்லாம் பாருங்கள், முதலில் எரிவது கூரைதான்.

வெண்மணிக்குப் பிறகு அரசாங்கம் அசைந்தது. 1969இல் கணபதியாபிள்ளை கமிஷன், நியாயக் கூலிச் சட்டம். 1971இல் குடியிருப்பு அனுபவதாரர்களுக்கு மனையைச் சொந்தமாக்கும் சட்டம். குடிசை இருக்கிற மண் குடியிருப்பவனுக்கே என்று முதல் தடவையாகச் சட்டம் சொன்னது. 44 உயிர் கொடுத்து வாங்கிய மனை என்று அதைச் சொன்னால் அதில் மிகை இல்லை.

1974இல் இன்னொன்று நடந்தது. ஆதிதிராவிடர்களுக்கு வீடு கட்டவே தனியாக ஒரு கழகத்தை அரசு ஆரம்பித்தது. இன்றைக்கு நாம் தாட்கோ என்று சொல்வது அதைத்தான். இப்போது தாட்கோ என்றால் கடன், மாடு, ஆட்டோ என்றுதான் ஞாபகம் வரும். ஆரம்பத்தில் அதற்கு இருந்த முக்கிய வேலை ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவது. ‘தீப்பிடிக்காத வீடு’ என்று அரசாங்கமே வைத்த பேர் அது. நிற்க. ஒரு நாட்டில் ஒரு குறிப்பிட்ட சாதியாருக்கு மட்டும் தீப்பிடிக்காத வீடு கட்ட ஒரு கார்ப்பரேஷன் வேண்டியிருந்தது என்றால் அந்த நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடுப்புத் தீயும் கூரையில் பிடிக்கும், அது நிஜம். ஆனால் அடுப்புத் தீ மட்டும்தான் பயம் என்று நம் ஆட்கள் யாரும் நினைக்கவில்லை.

எங்கள் காலனி வீடுகள் எழுபதுகளின் கடைசியில் வந்தவை. தொகுப்பு வீடு என்று பேர். வரிசையாக, ஒரே அச்சில் வார்த்த மாதிரி. ஒரு அறை, ஒரு சின்ன முன்திண்ணை, பின்னால் அடுப்பு வைக்க ஒரு மூலை. சாவி கொடுத்த அன்று தாத்தா சுவரைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தாராம். “நெருப்பு வெக்க முடியாதாம்ல” என்று ஊர் ஆட்கள் காதில் விழுகிற மாதிரி சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த வீட்டை நான் மதிக்கிறேன்.

3

தீ தின்னாத வீட்டை உப்பு தின்றது.

முத்துப்பேட்டைப் பக்கத்தில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. நிலத்தடித் தண்ணீர் உவர். கட்டுமான வேலைக்கு நல்ல தண்ணீரைத் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும். குத்தகைக்காரன் எதற்குக் கொண்டுவருகிறான்? பக்கத்துக் குட்டையில் இறைத்துக் கலவை போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? நல்ல கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பு உள்ளே போனால் அந்தப் படலம் அறுந்துபோகும். கம்பி துருவாகும்போது பழைய கம்பியை விடப் பல மடங்கு பருக்கிறது. பருத்த துரு சிமெண்டை உள்ளேயிருந்து தள்ளிப் பிளக்கிறது. அதனால்தான் மேல்பூச்சு முதலில் உப்பி, பிறகு வெடித்து, பிறகு பாளமாக விழுகிறது. விழுந்த இடத்தில் மறுபடி சிமெண்ட் பூசினால் இரண்டு மழைக்காலம் தாங்கும். உள்ளே துரு தின்றுகொண்டே இருக்கும். கம்பிக்குக் கீழே ஒரு அங்குலம் கான்கிரீட் கனமாக இருந்திருந்தால், நல்ல தண்ணீரில் கலந்திருந்தால், தளத்தை ஒழுங்காக நனைத்து ஆற வைத்திருந்தால் இன்னும் பல வருஷம் தாங்கியிருக்கும். அந்த ஒரு அங்குலத்தைத்தான் நம் தலைக்கு மேலே மிச்சம் பிடித்தார்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலம் கஜா புயல் வந்தது. அந்த ராத்திரியை முத்துப்பேட்டைப் பக்கத்து ஆட்கள் சாகிறவரை மறக்க மாட்டார்கள். தென்னை மரமெல்லாம் வேரோடு சாய்ந்தது. கீற்றுக்கொட்டகை ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெளியே படுக்க இடமில்லாமல் எங்கள் தெருவே, எந்த வீட்டில் படுக்கப் பயந்தோமோ அதே வீடுகளுக்குள் போய் அடைந்தது. எங்கள் வீட்டு ஒற்றை அறையில் அன்றைக்கு முப்பது பேருக்கு மேல் நின்றோம். உட்கார இடமில்லை. காற்று ஊளையிடுகிறது. மேலே தளத்திலிருந்து மண்ணும் சிமெண்டும் பொலபொலவென்று உதிர்கிறது. ஒரு பொம்பிளை தன் பிள்ளையின் தலைக்கு மேலே அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றாள். வெளியே போனால் காற்று, உள்ளே நின்றால் கூரை. 1952 புயலைச் சின்னப் பிள்ளையில் பார்த்த அப்பாயி, “அப்ப கூரை பறந்துதான் போச்சு, இப்ப தலையில எறங்குது” என்றது. யாரோ அந்த நேரத்திலும் சிரித்தார்கள்.

வீடு அன்றைக்கு நின்றுவிட்டது. எங்களைக் காப்பாற்றியது அந்த வீடுதான், அதையும் சொல்ல வேண்டும். நிவாரணக் கணக்கு எடுக்க வந்தவர்கள், “குடிசைக்குத்தான் சேதம். உங்களுக்கு மாடி வீடு இருக்கே” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேலே மாடி கிடையாது. கான்கிரீட் தளம் இருந்தால் அது மாடி வீடு.

4

இந்த ‘மாடி வீடு’ தான் எங்களைப் பல வருஷம் எந்தத் திட்டத்துக்குள்ளும் நுழைய விடாமல் வெளியே நிறுத்தி வைத்தது. திட்டங்களுக்குக் குறைவில்லை. 1985இல் இந்திரா குடியிருப்புத் திட்டம். அப்போது அது தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கும் என்றுதான் ஆரம்பித்தது. வீடு 20 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 215 சதுர அடி. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், குடிசைகளைக் கான்கிரீட்டாக மாற்ற. 2011இல் 300 சதுர அடியில் பசுமை வீடு. 2016இல் பிரதமர் வீடு, 25 சதுர மீட்டர். 2024இல் கலைஞர் கனவு இல்லம், 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய், 2030க்குள் 8 லட்சம் வீடு என்ற இலக்கு. எல்லாத் திட்டத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இப்போது குடிசையில் இருக்கிறாயா? 2011 கணக்கெடுப்பில் கூரை கான்கிரீட் என்று பதிந்தவர்கள் பிரதமர் வீட்டுப் பட்டியலில் ஏறவே முடியவில்லை. கூரையில் கம்பி தொங்குகிறதா என்று படிவத்தில் கட்டம் இல்லை.

ஆக, முதலில் வீடு வாங்கியவர்கள்தான் கடைசியில் வீடில்லாதவர்கள் ஆனார்கள். வெண்மணிக்குப் பின்னால் முதல் வரிசையில் நின்று வாங்கிய சேரிகளே இந்த வலையில் சிக்கின. இந்த உண்மையை அரசாங்கம் ஒத்துக்கொள்ள 2024 ஆனது. அந்த வருஷம், 2000-01க்கு முன்னால் அரசுத் திட்டங்களில் கட்டிய இரண்டரை லட்சம் ஊரக வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுது பார்ப்பதாக அறிவித்தார்கள். பழுது பார்க்க முடியாத அளவுக்குச் சிதைந்தவற்றுக்காக 2025-26 பட்ஜெட்டில் வீடுகள் மறுகட்டுமானத் திட்டம் வந்தது. 25,000 வீடு, 600 கோடி. வகுத்துப் பார்த்தால் வீட்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். இது வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய். எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க வந்தார்களே, அது இந்தப் பழைய வீடுகளுக்காகத்தான்.

ஆனால் கட்டுவது எங்கே? அதே இடத்தில். அதே மூன்று சென்டில். அதே பள்ளத்தில். செத்துப் போனவர் பேரில் உள்ள அதே பட்டாவில். 1985இல் 215 சதுர அடியாக இருந்த அரசாங்க வீடு 2024இல் 360க்கு வளர்ந்திருக்கிறது. மனை ஒரு சதுர அடி வளரவில்லை. மூன்று குடும்பத்தில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டினால் மற்ற இரண்டும் எங்கே போகும்? வாசலில் கீற்றுக்கொட்டகை போடும். இன்னும் நாற்பது வருஷம் கழித்து நம் பேரப்பிள்ளைகள் இதே கட்டுரையை மறுபடியும் எழுத வேண்டியிருக்கும்.

5

நகரத்தில் இதே வேலை வேறு மாதிரி நடக்கிறது. சென்னையில் குடிசை மாற்று வாரியம் 1970இல் வந்தது. அது கட்டிய அடுக்குமாடிகளும் இப்போது விழுகின்றன. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் ஒரு பிளாக்கே சரிந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வெளியே வந்துவிட்டதால் உயிர் பிழைத்தார்கள். அங்கே உள்ள பயம், இடிக்கிறேன் என்று சொல்லி நகரத்துக்கு வெளியே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிவிடுவார்களோ என்பது. லண்டனிலும் இதுதான் கதை. ஹெய்கேட் என்ற இடத்தில் கவுன்சில் வீடுகள் ஆயிரத்துக்கும் மேலே இடிக்கப்பட்டன. அந்த இடத்தில் எழும்பிய புது வீடுகளில் பழைய குடித்தனக்காரர்கள் கொடுத்த மாதிரியான வாடகைக்குக் கிடைத்தது மிகச் சிறு பகுதிதான். நகரத்தில் நிலத்துக்கு விலை உண்டு. அதனால் ஏழையை அந்த இடத்தைவிட்டு நகர்த்துகிறார்கள்.

கீழத்தஞ்சையில் நம் நிலத்துக்கு விலை இல்லை. பள்ளம், உவர், சுடுகாட்டுப் பாதை ஓரம். அதனால் நம்மை நகர்த்துவதே இல்லை. அங்கே போ என்று நகரத்து ஏழைக்குச் சொல்கிறது அரசாங்கம், அங்கேயே இரு என்று நமக்குச் சொல்கிறது. இரண்டையும் தீர்மானிப்பவன் அங்கே குடியிருப்பவன் இல்லை.

சேரியின் இடத்தை மாற்றிப் பார்த்த முயற்சி ஒன்றே ஒன்று இருக்கிறது. 1997இல் அறிவித்து 1998இல் மதுரைப் பக்கம் மேலக்கோட்டையில் திறந்த சமத்துவபுரம். நூறு வீட்டில் நாற்பது ஆதிதிராவிடருக்கு, மற்றவை பிற சாதியாருக்கு, ஒரே தெரு, ஒரே குழாய், ஒரே சுடுகாடு. அதில் குறைகள் உண்டு. இருந்தாலும் ‘வீடு எங்கே இருக்க வேண்டும்’ என்ற கேள்வியை அது கேட்டது. அதற்கு முன்னாலும் பின்னாலும் வந்த எல்லாத் திட்டமும் ‘வீடு எதனால் கட்ட வேண்டும்’ என்று மட்டும்தான் கேட்டன. மண் சுவருக்குப் பதில் செங்கல், கீற்றுக்குப் பதில் கான்கிரீட், கான்கிரீட்டுக்குப் பதில் புதுக் கான்கிரீட். சேரி மட்டும் சேரியாகவே இருந்தது.

நிலம் இல்லையே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தஞ்சைக் கணக்கில் ஒரு வேலி என்பது இருபது மா, ஏறத்தாழ 667 சென்ட். மூன்று சென்ட் மனையாகப் போட்டால் ஒரு வேலியில் 222 மனை வரும். பாதைக்கும் வாய்க்காலுக்கும் கால் பங்கு விட்டாலும் 160க்கு மேலே வரும். எங்கள் காலனியில் பிரிந்துபோன குடும்பமெல்லாம் சேர்த்து அரை வேலி போதும். பல வேலி வைத்திருக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயில் நிலமும் மடத்து நிலமும் இந்த மண்ணில் எவ்வளவு என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம்மவர்கள் நிறையப் பேர் அந்தக் கோயில் மண்ணில்தான் தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். அடிமனை சாமி பேரில் இருப்பதால் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் திட்டமும் கிடையாது. சாமிக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்றவர்கள், சாமி மண்ணில் இருக்கிறாய் அதனால் வீடு கிடையாது என்கிறார்கள்.

சட்டம் இல்லையே என்றும் சொல்ல முடியாது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்க 1978இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். நிலச் சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். உயர் நீதிமன்றத்தில் அடிபட்ட சட்டத்தை 1994இல் உச்ச நீதிமன்றம் முக்கியமான அளவில் செல்லும் என்றது. ஆயுதம் கையில் இருக்கிறது. எடுக்க மனசு வேண்டும்.

6

எங்கள் தெருவில் உட்கார்ந்து பேசியதை இங்கே எழுதிவிடுகிறேன். மற்ற காலனிக்காரர்களுக்கும் உதவும்.

இடிக்கிறதுக்கு முன்னால் வாரிசுப் பேருக்குப் பட்டா மாற்ற வேண்டும். அதுவும் வீட்டிலுள்ள பொம்பிளைகள் பேரில். இடித்துவிட்டுப் பிறகு மாற்றித் தருகிறோம் என்ற பேச்சை நம்பக் கூடாது. நின்ற வீட்டுக்கே காகிதம் மாறவில்லை, இடிந்த வீட்டுக்கு மாறுமா?

ஒரு வீட்டில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று எண்ண வேண்டும். எரிகிற அடுப்புக்கு ஒரு மனை. பழைய தெருவில் இடமில்லையென்றால் ஊரை ஒட்டி, தார்ச்சாலை ஓரம், மேட்டில் இடம் எடுக்க வேண்டும். பழைய இடத்திலேயே கட்டுகிறவர்களுக்கு மண் அடித்து மேடாக்கிய பிறகுதான் அஸ்திவாரம்.

காசு கட்டம் கட்டமாக வருகிறது. அஸ்திவாரம் முடித்தால் ஒரு பில், லிண்டல் மட்டம் வந்தால் ஒரு பில், தளம் போட்டால் ஒரு பில். கையில் காசு இருக்கிறவன்தான் முதலில் போட்டுப் பிறகு வாங்க முடியும். நம்மாளு குழுக்கடனும் வட்டிக்கடனும் வாங்கித்தான் அஸ்திவாரம் போடுவான். லிண்டலோடு நின்றுபோன வீடுகள் எத்தனையோ இருக்கின்றன, சுவருக்குள் வேலிக்காத்தான் முளைத்துக்கொண்டு. முன்பணம் வேண்டும். வீடு கட்டுகிற மாதங்களில் குடியிருக்கத் தற்காலிகக் கொட்டகை வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் யாரும் வீட்டை இடிக்கச் சொல்லக் கூடாது.

கலவைக்கு நல்ல தண்ணீர். கம்பிக்குக் கீழே போதுமான கனம். இதைப் பார்க்க ஓவர்சியர் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கொத்தனார், கம்பி கட்டுகிறவர், சென்டிரிங் ஆள்! திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அடுத்தவனுக்கு நூறு வருஷம் தாங்குகிற வீடு கட்டுகிறவர்கள், தன் காலனியில் நின்று கம்பியை எண்ண மாட்டார்களா?

இதையெல்லாம் மனுவாக எழுதினோம். யார் பேரில் கொடுப்பது என்று பேச்சு வந்தது. வீடு தாத்தா பேரில்தானே இருக்கிறது, வாரிசு என்று அண்ணன் பேரைப் போடலாம் என்றார்கள். அதுவரை பேசாமல் இருந்த அப்பாயி, “கீத்தப் பிரிச்சிப் போட்டப்ப படுகையில படுத்தவ நான். ஏம் பேரப் போடு” என்றது.

அப்பாயிக்கு எழுதத் தெரியாது. விரலில் மையைத் தடவி முதல் கைநாட்டு அதுதான் வைத்தது. அதற்குக் கீழே தெருப் பொம்பிளைகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.